மிஸ்ஸியம்மாவா, மிஸ்ஸம்மாவா, மிஸ் மேரியா?

அப்பா அம்மாவுக்கு 40-வது கல்யாண நாள் வருகிறது. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்கு ஒரு ப்ரொஜெக்டர் எடுத்து, பழைய படம் ஒன்று போடலாம் என்று தீர்மானம் ஆனது. எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நிபந்தனை இரண்டு: கல்யாணத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், யாரும் அழக்கூடாது. இரண்டாவது நிபந்தனையைப் போட்டவர் அத்தை. 1950-களின் தமிழ்ப் படங்களில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். அந்தக் காலத்துப் படங்களில் கல்யாணம் என்றாலே யாராவது ஒருவர் தியாகம் செய்து, இருமிக்கொண்டே படியிறங்கிப் போவார்.

காதலிக்க நேரமில்லை முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் அதை அம்மா டிவியில் பார்த்த கணக்கு எங்களுக்கே தெரியாது. அப்புறம் மிஸ்ஸியம்மா என்று சொன்னேன். உடனே எல்லோரும் சரி என்றார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. விஜயவாடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணி, "மிஸ்ஸம்மா தானே? தெலுங்குதானே அசல்?" என்றார். ரயில்வே வேலையில் நாக்பூரிலேயே தங்கிவிட்ட மாமாவின் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுப் பேச்சு அளவில்தான் புரியும். அவர்கள் தரப்பில் மாமா, "இந்தியிலும் இருக்கிறதே, மிஸ் மேரி, மீனா குமாரி" என்று ஒரு மனு போட்டார். ஒரே கதை, ஒரே இயக்குநர், மூன்று மொழி. இரண்டு வார இரவுகளை இதற்குக் கொடுத்து மூன்றையும் பார்த்துத் தீர்த்தேன்.

படம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜமீன்தார், சின்ன வயதில் தொலைந்துபோன மூத்த மகளின் பெயரில் பள்ளிக்கூடம் நடத்துகிறார். ஆசிரியர் வேலைக்குப் படித்த தம்பதிதான் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கிறார். வேலையில்லாத பட்டதாரி ஒருவன். கடன் கொடுத்தவன் கல்யாணத்துக்கு நெருக்குவதால் எப்படியாவது ஒரு வேலை தேடியே ஆக வேண்டிய பட்டதாரிப் பெண் மேரி. அவன் இந்து, அவள் கிறிஸ்தவள். இருவரும் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி வேலையில் சேர்கிறார்கள். ஜமீன்தாரின் இளைய மகள் சீதா அவனிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வருகிறாள். மேரிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இல்லாத புருஷன்மேல் இருக்கிற பொறாமை. படத்தின் மொத்த நகைச்சுவையும் இந்த ஒரு முடிச்சில் தொங்குகிறது: நியாயமாகப் பொறாமைப்பட அவளுக்கு உரிமை இல்லை, வெளியுலகுக்கு அவள் மனைவி என்பதால் பொறாமைப்படாமல் இருந்தாலும் சந்தேகம் வரும்.

மூலம் வங்காளத்தில் இருக்கிறது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல் என்ற நாடகம் அது. சக்ரபாணி அதைத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்தார். நாகி ரெட்டியோடு சேர்ந்து அம்புலிமாமாவை நடத்திய அதே சக்ரபாணிதான். வங்காளத்திலிருந்து சரத் சந்திரரைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் என்பதால் அந்தப் பக்கம் அவருக்குக் கைவந்த பக்கம். அவர்களுடைய விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுத்தது. இயக்கம் எல். வி. பிரசாத், ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, இசை எஸ். ராஜேஸ்வர ராவ். 1955 பொங்கலை ஒட்டி இரண்டு நாள் இடைவெளியில் இரண்டும் வெளிவந்தன. ஆகவே அண்ணியின் "அசல்" வாதத்துக்கு இரண்டு நாள் அளவுக்குத்தான் பலம். இந்திப் படம் 1957-ல், ஏவிஎம் தயாரிப்பில், அதே பிரசாத் இயக்கத்தில் வந்தது.

தமிழிலும் தெலுங்கிலும் மேரி சாவித்திரிதான். சீதா ஜமுனாதான். ஜமீன்தார் ரங்காராவ்தான். மாறுவது ஆண்கள். தெலுங்கில் பொய்ப் புருஷன் என். டி. ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன். துப்பறிகிறேன் என்று பூதக்கண்ணாடியோடு திரியும் சீதாவின் முறைப்பையன் ராஜு, தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் கே. ஏ. தங்கவேலு. முதலில் இதை வெறும் நடிகர் மாற்றம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பொறாமையின் கணக்கே மாறிப்போவது தெரிந்தது.

நாகேஸ்வர ராவ் அப்போது தேவதாஸ் முடித்துவிட்டு வந்தவர். குடித்துச் செத்த காதலன் என்ற பிம்பம் ஒட்டிக்கொண்டுவிடக்கூடாது என்று வேண்டுமென்றே இந்தக் கோமாளி வேஷத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் கோமாளி வேஷம் போட்டாலும் அவர் நாயகன். அவர் உள்ளே வந்ததும் கண் அவர் பக்கம் போகிறது. அதனால் தெலுங்கில் நான்கு முனையும் உயிரோடு இருக்கிறது. சீதா இவரிடம் போகலாம், அவரிடம் போகலாம். ராஜுவின் எரிச்சல் வெறும் சிரிப்புக்கானது இல்லை, அவன் உண்மையிலேயே எதையோ இழக்கக்கூடியவன். யார் யாரைப் பார்த்து எரிகிறார்கள் என்று ஒரு நாற்காலி விளையாட்டுப் போல ஓடிக்கொண்டே இருக்கிறது.

தமிழில் தங்கவேலு. அவரைப் பார்த்ததுமே இவன் ஜெயிக்கப்போகிறவன் இல்லை, நம்மைச் சிரிக்க வைக்கப் போகிறவன் என்று தெரிந்துவிடும். நான்கு வருஷம் கழித்துக் கல்யாணப் பரிசில் இல்லாத வேலைக்குப் போய் வந்த அந்த மனிதர், இங்கே யாரும் கொடுக்காத வழக்கைத் துப்பறிகிறார். தனியாக எடுத்துக்கொண்டால் அவருடைய காட்சிகள் நாகேஸ்வர ராவுடையதைவிடச் சிரிப்பு அதிகம். ஆனால் அவர் போட்டிக்கு நிற்பவர் இல்லை என்பதால் நாற்கரம் கழன்று, பொறாமையின் பாரம் முழுவதும் மேரிமேல் வந்து இறங்குகிறது. சாவித்திரி அந்தப் பாரத்தைத் தூக்குகிறார், சந்தேகமில்லை. ஆனால் படத்தின் எடை ஒரு பக்கம் சாய்வது சாய்வதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேரி வேஷம் சாவித்திரிக்கு எழுதியதே இல்லை. தெலுங்கில் பானுமதிதான் முதலில் மேரி. சாவித்திரி தங்கை வேஷத்தில். சில ரீல்கள் எடுத்தும் ஆயிற்று. வரலட்சுமி நோன்பு அன்று பானுமதி தாமதமாக வந்தார், சக்ரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார், பானுமதி கேட்கிற ஆளா? விலகிவிட்டார். சாவித்திரி மேலே ஏற, காலியான சீதா வேஷத்துக்கு ஜமுனா வந்தார். பானுமதி பொறாமைப்பட்டிருந்தால் பாத்திரம் பறந்திருக்கும் என்பது அப்பாவின் அபிப்பிராயம். சாவித்திரியின் பொறாமை வேறு மாதிரி. கண் முதலில் எரியும், வாய் அப்புறம்தான் ஏதோ சம்பந்தமில்லாத ஒரு குறையைச் சொல்லும்.

சரி, ஆண்கள். ராமாராவ் சீண்டும்போது நேருக்கு நேர் நின்று சீண்டுகிறார். சாவித்திரியும் அதே உயரத்துக்கு எழுந்து பதில் கொடுக்கிறார். கபடி ஆட்டம் போல இருக்கிறது. ஜெமினி சீண்டிவிட்டு உடனே ஓரக்கண்ணால் விளைவைப் பார்க்கிறார். அதிகம் போய்விட்டோமோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருக்கிறது. கல்யாணம் ஆனவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். இங்கே படத்துக்கு வெளியிலிருந்து ஒரு சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெமினியும் சாவித்திரியும் 1952-லேயே ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். படத்தில் கல்யாணமாகாத இருவர் ஊருக்காகத் தம்பதியாக நடிக்கிறார்கள். படப்பிடிப்பில் கல்யாணமான இருவர் ஊருக்காகத் தம்பதி இல்லை என்று நடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்யாணத்தில் பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்தவர்களுக்கு, மேரி தன் பொய்ப் புருஷன் பாலுவைச் சந்தேகத்தோடு பார்க்கிற சில காட்சிகள் சிரித்து முடிப்பதற்குள் தொண்டையில் நிற்கும். அத்தையின் இரண்டாவது நிபந்தனைக்கு இது ஆபத்துதான், தெரிந்தே சொல்கிறேன்.

மூன்று படங்களையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு உதவியது ஒரு பாட்டு. பிருந்தாவனமும் நந்தகுமாரனும். தெலுங்கிலும் தமிழிலும் ஏ. எம். ராஜாவும் பி. சுசீலாவும் பாடியது. சுசீலா சீதாவின் குரல், மேரிக்கு பி. லீலா. ஆக, பொய்ப் புருஷனும் அடுத்த பெண்ணும் சேர்ந்து பாடுகிறார்கள், மேரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டின் பொருளோ, கண்ணன் எல்லோருக்கும் பொது, உனக்கு ஏன் ராதா இப்படி என்பது. பொறாமைப்படுகிறவள் முகத்துக்கு நேராகவே, பக்திப் போர்வையைப் போர்த்தி, பொறாமைப்படாதே என்று பாடுவது! இதைவிட ஒருத்திக்கு எரிச்சல் மூட்ட முடியுமா?

இந்தியில் மற்ற மாற்றங்கள் எவ்வளவோ. இசையமைப்பாளர் ஹேமந்த் குமார். ஆனாலும் இந்த மெட்டை மட்டும் விட மனசு வரவில்லை. ரஃபியும் லதாவும் அதே மெட்டில் பாடினார்கள். மெட்டு ஒன்று, பொருள் ஒன்று, நடுவில் இருக்கிற அந்தச் சொல் மட்டும் மொழிக்கு மொழி மாறுகிறது. தெலுங்கில் பிங்களி நாகேந்திர ராவ் ஈசு, அசூயை என்று இரண்டு சொற்களைப் பிணைத்துப் போடுகிறார். ராதை மனசில் ஒன்றல்ல, இரண்டு பூனைகள் பிறாண்டுகின்றன. இந்தியில் ராதிகா உள்ளுக்குள்ளே எரிகிறாள். நம் வயிற்றெரிச்சலுக்குப் பக்கத்து வீடு. தமிழில் தஞ்சை ராமையாதாஸ் வைத்த சொல் பொறாமை. பிரித்துப் பார்த்தால் பொறுக்க முடியாமை என்றுதானே அர்த்தம்? மற்ற இரண்டு மொழியிலும் அவளுக்கு ஏதோ ஒன்று உண்டாகிறது. தமிழில் அவளுக்கு ஒன்று முடியாமல் போகிறது. சாவித்திரி தமிழில் நடித்திருப்பதும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. கோபப்படுகிறவள் போல இல்லை, தாங்கிக்கொள்ளப் பார்த்துத் தோற்பவள் போல. இது நானாகக் கற்பித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆனால் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.

நிலாப் பாட்டிலும் இப்படி ஒரு நகர்வு உண்டு. வாராயோ வெண்ணிலாவேயில் இருவரும் நிலாவைப் பக்கத்து வீட்டு ஆளைப் போலக் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் கதையைக் கேள் என்று ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்கிறார்கள். தெலுங்கிலும் இதேதான். அங்கேயும் ஏ. எம். ராஜா, பி. லீலா, சாவித்திரிக்குப் புருஷன் இரண்டு, புருஷனின் குரல் ஒன்று. இந்தியில் நிலா நீதிபதி ஆகிவிடுகிறது. என் குற்றம் என்ன, தீர்ப்புச் சொல் என்கிறார்கள். குடும்பச் சண்டையில் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவதா, கோர்ட்டுக்குப் போவதா? எனக்கு முன்னதுதான் சிரிப்பு வருகிறது.

இந்திப் படத்தை மட்டமாகச் சொல்ல வரவில்லை. பொய்ப் புருஷன் அங்கேயும் ஜெமினிதான், சீதா அங்கேயும் ஜமுனாதான். ராஜு கிஷோர் குமார், அவரை நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. பாடவும் வராது, வாசிக்கவும் வராது, பெண்ணை வசப்படுத்தவும் வராது என்று புலம்புகிற பாட்டை, அத்தனை நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவர் பாடுவதே தனி வேடிக்கை. மாமாவின் பேரன்கள் அந்த இடத்தில் உருண்டு சிரிப்பார்கள். மீனா குமாரியை நாம் துயரத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே அவர் மூக்கு நுனியில் கோபம் வைத்துக்கொண்டு நடமாடுவதைப் பார்ப்பதற்கே ஒரு தடவை போடலாம். இந்த வேஷங்களில் ஏற்கெனவே தமிழ், தெலுங்கில் ஊறியவர்களுக்குத்தான் ஏமாற்றம். சாவித்திரி ஒரு பார்வையில் முடிக்கிற இடத்தை மீனா குமாரி ஒரு வசனமாகச் சொல்கிறார். நல்ல குரல்தான், ஆனால் பார்வை சொன்னது போதுமே என்று இருக்கிறது.

தெலுங்குக்கு இன்னும் ஒரு பலம், பாட்டு வரிகள். பெண்கள் பேச்சுக்கு அர்த்தமே வேறு என்று ராமாராவ் கேலியாகப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. அந்த வரி 2001-ல் தெலுங்கு குஷியில் மறுபடி ஒலித்தது. 2007-ல் செல்வராகவனின் தெலுங்குப் படத்துக்குத் தலைப்பே ஆனது. அந்தப் படத்தைத்தான் நாம் மறு வருஷம் யாரடி நீ மோகினி என்று பார்த்தோம். ஐம்பது வருஷம் கழித்தும் ஒரு வரி வீட்டுப் பேச்சில் புழங்குவது சாதாரணமா? அண்ணி கரண்டியும் கையுமாக அதைப் பாடிக்காட்டி எனக்குப் பொருள் சொன்னார். அண்ணன் அந்த நேரம் பார்த்து மாடிக்குப் போய்விட்டார்.

மூன்றிலும் பொதுவான ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. கடைசியில் மேரியே தொலைந்துபோன அந்த மூத்த மகள் என்று காலில் உள்ள மச்சத்தால் தெரிகிறது. பிறப்பால் இந்துதான் என்று ஆனதும் மத வேறுபாடு என்ற பிரச்சினையே இல்லாமல் கரைந்துபோகிறது. மூன்று மணி நேரம் தைரியமாக நடந்துவிட்டுக் கடைசி பத்து நிமிஷத்தில் படம் கால் மாற்றிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் இது வெறும் விமரிசனம் இல்லை. தங்கையின் மாமியார் தூத்துக்குடிக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்; அவரும் அன்று மாடியில் இருப்பார். படத்தையே மாற்றிவிடலாமா என்று யோசித்து, தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன். "அது கிடக்கட்டும் தம்பி, எனை ஆளும் மேரி மாதா வரும்ல? அதுக்காகவே நான் வாரேன்" என்றார். கர்நாடக சங்கீத நடையில் லீலா பாடிய மாதா துதி அது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு முடிவு எப்படி இருந்தாலும் படம் தன்னுடையதுதான் போலிருக்கிறது. அந்த வாக்கியம் தமிழ்ப் பக்கம் ஒரு ஓட்டு என்று குறித்துக்கொண்டேன்.

ஆக, படமாக எது மேல் என்று கேட்டால் தெலுங்கு. இதை எழுதும்போது அண்ணி பக்கத்தில் இல்லை. நாகேஸ்வர ராவால் அந்த நாற்கரம் நிமிர்ந்து நிற்கிறது, பொறாமை நான்கு பேருக்கும் பங்கு போகிறது, யாரும் வெறும் சிரிப்புக்காக வைத்த பொம்மை இல்லை. தனியாக உட்கார்ந்து, துணைத்தலைப்போடு, நிதானமாகப் பார்க்கிறவருக்கு நான் மிஸ்ஸம்மாவைத்தான் சொல்வேன். சிறுவர்களை வைத்துக்கொண்டு பார்க்கிற வீட்டுக்கு, அதுவும் தமிழ் ஓடாத வீட்டுக்கு, மிஸ் மேரி.

ஆனால் மொட்டை மாடியில் இருக்கப்போவது இருபத்துச் சொச்சம் பேர். அவர்களில் தெலுங்கு தெரிந்தவர் ஒருவர். வேட்டித் திரையில் துணைத்தலைப்பு காற்றில் ஆடும். அத்தைக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பொறாமையில் பாதி வசனத்தில் இல்லை, வசனம் சொல்லப்படுகிற விதத்தில் இருக்கிறது. அதை எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தால் சாவித்திரியின் கண்ணை எப்போது பார்ப்பது? கல்யாண நாள் கொண்டாடுகிற தம்பதிக்கு ஜெமினியின் அந்த ஓரக்கண் பயம் ராமாராவின் கபடியைவிட நெருக்கமாக இருக்கும் என்றும் ஒரு கணக்கு. அதனால் மிஸ்ஸியம்மா.

அண்ணியையும் மாமாவையும் சமாதானப்படுத்த ஒரு ஏற்பாடு. ஏறக்குறைய 3 மணி நேரப் படம், நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். இலை போடும் நேரத்தில் பிருந்தாவனம் பாட்டை மூன்று மொழியிலும் வரிசையாக ஓட விடுவேன். ஈசு வருகிற இடம், பொறாமை வருகிற இடம், எரிகிற இடம், மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். அண்ணி இதற்கு ஒத்துக்கொண்டார், தெலுங்கு முதலில் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாமா இன்னும் பதில் போடவில்லை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "நீங்க எப்பவாவது அப்பாமேல பொறாமைப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "உங்கப்பா யாருக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்?" என்றார். கொஞ்ச நேரம் கீரையை உருவினார். அப்புறம், "டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார், ஒரு வருஷம்" என்றார்.

அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. இடைவேளை வரட்டும்.